என் வலது பக்கத்தைப் பெண் பார்த்தார்கள்

2014 மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. ஸ்டூடியோவுக்கு வந்தவர் ஒரே ஒருவர். அலவத்துகொட பஹ்மி, கட்டாருக்குப் போகப் பாஸ்போட் படம் எடுக்க வந்தார். படத்தைக் கொம்பியூட்டரில் பார்த்ததும் அவருக்கு முகம் வாடிவிட்டது.

"எண்ட மூக்கு இப்பிடியா ஈக்குது? கொஞ்சம் நேராக்கித் தாங்களேன் தங்கச்சி."

பாஸ்போட் படத்தில் கை வைக்கக் கூடாது, விமான நிலையத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். அப்படியென்றால் கட்டாரிலும் இந்த மூக்கோடுதான் இருக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

பாஸ்போட்டுக்கு மட்டும்தான் அந்தச் சட்டம். மற்றப் படங்களில் நாங்கள் வைத்ததுதான் முகம். இந்தக் கண்டியில் எத்தனை மாப்பிள்ளைகளுக்கு நான் தலைமுடி கொடுத்திருக்கிறேன், எத்தனை பெண்களுக்குக் கழுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தராவது கல்யாண வீட்டில் என்னைக் கண்டு தலையாட்டியதில்லை. கண்டால் ஒளிந்துகொள்கிறார்கள்.

சாயங்காலம் மஹய்யா வீட்டுக்கு வந்து சேர்ந்தால் அம்மா அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணத் தரகர் அழகர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். மாத்தளைக்காரர்களும் வேண்டாம் என்றுவிட்டார்களாம். ஏன் என்று கேட்டேன். சோறு போடும்போதுதான் சொன்னாள். "மொகம் ஒரு பக்கமா இருக்காம்."

ஒரு பக்கமா! சிரித்தால் வாய் இடது பக்கம் கொஞ்சம் ஏறும். இடது கண் வலதை விடக் கொஞ்சம் சின்னது. அவ்வளவுதான். முப்பத்து மூன்று வருடமாக இந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன், சண்டை போடுகிறேன். மாத்தளை மாப்பிள்ளையின் காதுகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. நான் ஏதாவது சொன்னேனா?

மார்ச் 5

இன்றும் மழை, இன்றும் ஆள் இல்லை. முதலாளி ராஜரத்தினம் வங்கிக்குப் போயிருந்தார். அழகரிடமிருந்து திரும்பி வந்த என் படத்தைக் கொம்பியூட்டரில் திறந்தேன். நெற்றி நடுவிலிருந்து நாடி வரை ஒரு கோடு. முகத்தின் வலது பாதியை எடுத்துத் திருப்பி இடது பாதியின் மேல் வைத்தேன். பிறகு இடது பாதியையும் அதே மாதிரி.

இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

இடது பாதியால் ஆனவளுக்கு அகன்ற தாடை, அரைத் தூக்கக் கண், இரண்டு மூலையிலும் ஏறிய வாய். யாரையோ நன்றாக ஏமாற்றிவிட்டு வந்து அதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறவள். எனக்கு அவளைப் பிடித்தது. வலது பாதியால் ஆனவளுக்கு ஒடிசலான முகம், பெரிய கண், சின்ன வாய். கோபமே வராது. குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டால் உடனே வருவாள். முதலாமவளுக்கு இடத்தி என்றும் மற்றவளுக்கு வலத்தி என்றும் பெயர் வைத்தேன்.

முகத்தை மட்டும்தான் மாற்றினேன். கழுத்துக்குக் கீழே என் தோள், என் சேலை. வலது புருவத்துக்கு மேலே இருக்கும் அம்மைத் தழும்பை எடுக்கவில்லை. தழும்பை எடுத்தால் அது ஏமாற்று. எனக்கும் தொழிலில் ஒரு நேர்மை உண்டு.

என்னோடு சேர்த்து மூவரையும் அச்செடுத்து வந்து அலுமாரியின் மேல் வைத்திருக்கிறேன்.

மார்ச் 6

முதலாளியின் முகத்துக்கும் செய்து காட்டினேன். இரண்டு வலதும் சேர்ந்தபோது மந்திரி. இரண்டு இடதும் சேர்ந்தபோது பிணையில் வந்தவர். "ரெண்டாவத அழிச்சிருங்க யசோதா" என்றார். மந்திரியைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா வலத்தியை எடுத்து அழகரிடம் கொடுத்துவிட்டாள்!

"அலுமாரி மேல மூணு படம் இருந்துச்சேம்மா."

"நல்லா விழுந்தது ஒன்னுதானே?"

"அது நான் இல்லம்மா. என்னோட ஒரு பாதிய ரெண்டு தடவ ஒட்டி வச்சிருக்கேன்."

"அதுலதான்டி நீ நீயா இருக்க."

பெற்றவள் சொல்கிறாள். அப்பாவிடம் போய் முறையிட்டேன். அப்பா மாநகர சபையில் தண்ணீர்க் குழாய்ப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எந்த வீட்டுக் குழாய் கசிந்தாலும் எழுந்து போவார். எங்கள் இருவரின் சண்டைக்கு மட்டும் எழுந்திருக்க மாட்டார். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நாளைக்கே அழகரிடம் போய்ப் படத்தைத் திருப்பி வாங்க வேண்டும்.

மார்ச் 12

வாங்கவில்லை. ஸ்டூடியோவில் வேலை.

பொய். வேலை ஒன்றும் இல்லை. வலத்திக்கு என்ன பதில் வருகிறது என்று பார்க்க ஆசை.

மார்ச் 18

அழகர் படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தார். பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் கடை. மாப்பிள்ளை பெயர் ராஜலிங்கம், ஒரே மகன். தகப்பன் இல்லை. தாய் இராஜேஸ்வரியம்மா சொன்னால் சொன்னதுதான். அந்தம்மா படத்தைப் பார்த்ததும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம்.

"மொகம் அவ்ளோ புடிச்சிருச்சா?" என்று அம்மா கேட்டாள். அவளால் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

"மொகத்த யாரு பாத்தா? மூக்குத்தி!"

எனக்கு அப்போதுதான் தலையில் அடித்த மாதிரி இருந்தது. நான் மூக்குத்தி போட்டிருப்பது வலது பக்கம். அதைத் திருப்பி ஒட்டினால்? வலத்திக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி! கண்ணின் அளவு, புருவத்தின் வளைவு, வாயின் ஓரம் எல்லாம் பார்த்தேனே, மூக்கைப் பார்த்தேனா?

இராஜேஸ்வரியம்மாவின் தாத்தா இந்தியாவில் கப்பலேறிய ஊர் ஏதோ ஓர் ஆற்றுக்கு வடகரையாம். அந்தக் கரைப் பெண்கள் மட்டும் மூக்கின் இரண்டு பக்கமும் குத்துவார்களாம். இங்கே வந்த எல்லாரும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட, அந்தம்மா ஒருத்தர் மட்டும் இன்னும் இரண்டு மூக்குத்தியோடு இருக்கிறாராம்.

"நம்மாளு வீட்டுப் புள்ளையத் தேடாத எடமில்ல, மஹய்யாவுக்குள்ளயே இருந்திருக்காங்களேன்னு அழுவுறாங்க" என்றார் அழகர். பிறகு அப்பாவிடம் திரும்பினார். "செல்லப்பாண்ணே, நீங்க வடகரைன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

அப்பா பேப்பரை இறக்கினார். அம்மாவைப் பார்த்தார்.

"வடகரதான்" என்றார்.

எந்த ஆறு என்று கூடக் கேட்கவில்லை.

மார்ச் 19

உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"ஒரு ஓட்டதானே. குத்திக்க."

"மூக்குல ஓட்ட போட்டா நாம வடகரை ஆயிருவோமா?"

"போடாட்டி தென்கரைன்னு யாருக்குத் தெரியும்? ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. எங்கள் வீட்டில் யாருமே இந்தியாவைப் பார்த்ததில்லை. அப்பாவின் பாட்டனார் எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் "தலைமன்னார் வழியா" என்பார். அதற்கு அந்தப் பக்கம் கடல்தான்.

எனக்கும் அலுத்துவிட்டது. சேலையை உடுத்து, தட்டைத் தூக்கி, அவர்கள் என்னைப் பார்க்க நான் பிஸ்கட்டைப் பார்க்க... பிறகு "யோசிச்சு சொல்றோம்". ஒரு வீட்டிலாவது ஒருத்தராவது இந்த முகத்தைப் பார்த்து, இதுதான் எங்களுக்கு வேணும்னு சொல்ல மாட்டாங்களா? அதுக்குத்தான் இவ்வளவும். அதுக்காக முகத்துல இன்னொரு ஓட்ட போடப் போறேன். நல்ல கூத்து.

மார்ச் 23, ஞாயிறு

நகைப் பத்தரிடம் போய் மூக்கின் இடது பக்கத்தையும் குத்தியாயிற்று. கண்ணில் பொறி பறந்தது. நான் எழுந்ததும் அந்தக் கதிரையில் அம்மா உட்கார்ந்தாள். "எனக்கும் குத்துங்க பத்தரே." மகளுக்கு இரண்டும் தாய்க்கு ஒன்றும் என்றால் வடகரை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களாம். அம்மாவின் மூளைக்கு அவள் பாராளுமன்றத்தில் இருக்க வேண்டியவள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பார்வை சுவருக்குப் போனது. அப்பாவைப் பெற்ற அப்பாயியின் படம் அங்கே தொங்குகிறது. ஒற்றை மூக்குத்தி.

நாளை அதை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

மார்ச் 24

அப்பாயிக்கும் குத்திவிட்டேன். வலிக்காமல் குத்திக்கொண்டது எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். புதிய படத்தைச் சுவரில் மாட்டியபோது அப்பா தூரத்தில் நின்று பார்த்தார். "அம்மாவுக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

வந்தார்கள். எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

இராஜேஸ்வரியம்மா வாட்டசாட்டமான ஆள். உள்ளே வந்ததும் முதலில் அப்பாயியின் படத்தடியில் போய் நின்றார். பிறகு அம்மாவின் மூக்கு. பிறகு என் மூக்கு. மூக்குக்கு மேலேயும் கீழேயும் எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"எங்க வீட்டுல மொத மொட்ட போட்டதுமே ரெண்டு பக்கமும் குத்திருவோம்" என்றார்.

"எங்க வீட்டுலயும் அப்புடித்தாங்க" என்றாள் அம்மா. ஒரு வாரத்துப் புண் வலித்து அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஊர் நினைப்பில் அழுகிறாள் என்று அந்தம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் முந்தானையால் துடைத்துக்கொண்டார்கள். நான் பிஸ்கட் தட்டைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கக் கூடாது சிரிக்கக் கூடாது என்று நின்றேன்.

மாப்பிள்ளை கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள், முன்தலையில் முடி குறைவு. எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தால் நிரப்பிக் கொடுத்திருப்பேன். கையில் என் படம், அதாவது வலத்தி. அவளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், திரும்ப அவளைப் பார்ப்பார்.

தனியாகப் பேசட்டும் என்று எங்களைப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியடிக்கு அனுப்பினார்கள்.

"ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"ஒங்களுக்கு அம்மத் தழும்பு ஒரு பக்கந்தான் இருக்கு. படத்துல ரெண்டு புருவத்துக்கு மேலயும் இருக்கு. ஒரே எடம், ஒரே அளவு. மாரியாத்தா என்னா அடிமட்டம் வச்சு அளந்தா அம்ம போட்டா?"

பயந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பு வேறு. வாய் இடது பக்கம் ஏறுவது எனக்கே தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. அவர் என் வாயைப் பார்த்தார்.

"இது படத்துல இல்லியே" என்றார்.

ஒட்டியது, திருப்பியது, அப்பாயி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் அம்மாவிடம் சொல்லப் போகிறீர்களா என்று கேட்டேன். "அம்மா இன்னும் மூக்கத் தாண்டி வரல்ல. மெதுவா வரட்டும்" என்றார்.

ஏப்ரல் 2

பித்தளை விளக்குகளைப் படமெடுக்க என்ன செலவாகும் என்று கேட்க ராஜலிங்கம் ஸ்டூடியோவுக்குப் போன் செய்தார். நிறைய நேரம் பேசினோம். விளக்கைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

ஏப்ரல் 9

மூக்கின் இடது பக்கம் கறிமிளகாய் போல வீங்கியிருக்கிறது. தொட முடியவில்லை. இப்போது என் முகம் உண்மையாகவே ஒரு பக்கம்தான். மாத்தளைக்காரர்கள் வந்து பார்க்கட்டும்.

ஏப்ரல் 11

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் ஒரு சிங்களப் பெண், என் வயதுதான் இருக்கும். "லஸ்ஸனட்ட த, நங்கி?" என்றார். அழகுக்கா தங்கச்சி என்று கேட்கிறார். வடகரைக்கு என்று சிங்களத்தில் எப்படிச் சொல்வது? தலையாட்டினேன். கழற்றி எடுத்துவிட்டார். ஓட்டை மூடட்டும், திரும்ப அந்த இடத்தில் கை வைக்காதே என்று கண்டித்து மருந்து எழுதினார்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மூக்குத்தியும் மினுங்க வீட்டுக்குள் உலாவுகிறாள். நான் ஒற்றை மூக்குத்தியோடு வந்ததைக் கண்டதும் ஒப்பாரி வைத்தாள். மே மாதம் நிச்சயதார்த்தமாம், அது வரைக்கும் சளி, தடிமன் என்று சொல்லிக் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டுமாம். பிறகு கல்யாணத்துக்கும் தடிமன், பிள்ளை பெறும்போதும் தடிமன்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குக் கைலேஞ்சியோடு போய் வந்தேன். பிள்ளையாருக்கு ஒரு பக்கம் கொம்பு உடைந்திருக்கிறது. அவரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பின்னேரம் ராஜலிங்கம் போன் செய்தார். தானே தன் அம்மாவிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம், ஒட்டினவள் நான், நானே வந்து சொல்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். 

இந்த ஆளைப் பிடித்துப் போயிற்று. அதுதான் விஷயம். இது வரைக்கும் வேண்டாமென்று போனவர்களுக்காக நான் அழுதது மானத்துக்கு. இவர் போனால் இவருக்காகவே அழ வேண்டி வரும். பயமா இருக்கு.

ஏப்ரல் 20, ஞாயிறு

பிலிமத்தலாவை. அம்மாவும் அப்பாவும் கூட வந்தார்கள். கடைக்குப் பின்னால்தான் வீடு. எங்கு பார்த்தாலும் பித்தளை. ஒவ்வொரு குடத்திலும் என் மூக்கு ஒவ்வொரு அளவில் தெரிந்தது.

கைலேஞ்சியை எடுத்துப் பைக்குள் வைத்தேன். மூன்று படங்களையும் மேசையில் பரப்பினேன். "இது நான். இது என்னோட எடது பக்கம் ரெண்டு தடவ. நீங்க பாத்தது இது, என்னோட வலது பக்கம் ரெண்டு தடவ. எனக்கு ஒரு மூக்குத்திதான். இன்னொன்னு ஒங்களுக்காகக் குத்தினது." அப்பாயி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. செத்தவரைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை.

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். ராஜலிங்கம் என் பக்கத்துக் கதிரைக்கு வந்து உட்கார்ந்தார்.

இராஜேஸ்வரியம்மா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார், "மூக்கு வீங்கினதுல புள்ளைக்கு மனசு கலங்கிப் போச்சு."

"இல்லங்க, நான் சொல்றது உண்ம..."

"படம் பொய் சொல்லுமா? புண்ணு வருத்தத்துக்குக் கழட்டுனது ஒரு குத்தமாம்மா? நீ பயப்படாத."

அப்பா தொண்டையைக் கனைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே, எங்கள் வீட்டு விவகாரத்தில் வாயைத் திறந்தார். "அம்மா, நாங்க எந்தக் கரைன்னு எங்களுக்கே தெரியாதுங்க."

"பாத்தீங்களா அடக்கத்த?" என்று அந்தம்மா பூரித்துப் போனார். "வடகர ஆளுங்க பெரும பேச மாட்டாங்க."

இதற்கு மேல் என்ன செய்வது? கம்பளையில் இருக்கும் அவருடைய நாத்தனார் வரைக்கும் செய்தி போய்விட்டதாம். அந்த நாத்தனாரிடம் ஒரு சொல்லைத் திருப்பி வாங்குவதை விட உயிரை விடலாமாம். கல்யாணத்துக்கு ஒட்டுகிற மூக்குத்தி இருக்கிறது, கண்டி முழுக்க விற்கிறார்கள், அதை ஒட்டிக்கொள்ளலாம் என்று அவரே முடிவும் சொன்னார்.

புறப்படும்போது என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "இத குத்துனவன் கைய ஒடைக்கணும்" என்றார். சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவரச் சொல்லித் தானே பஞ்சால் ஒற்றிவிட்டார். வலிக்கவில்லை.

ஏப்ரல் 21

சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை.

உண்மையைச் சொல்லியும் நம்பப்படாதவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தம்மா வலத்தியைத்தான் மருமகளாக எடுக்கிறார். சமைக்கவும் துவைக்கவும் அவளுக்குப் பதிலாகப் போகிறவள் நான். இதா இருக்கேனே, கண்ணுக்கு முன்னாலதானே நிக்கிறேன், என்னையப் பாருங்கன்னு இன்னும் எத்தன பேர்கிட்ட கெஞ்சுறது?

போனில் ராஜலிங்கத்திடம் இதைச் சொல்லி அழுதேன். "நான் பாத்துட்டேன்ல" என்றார் அவர். அது போதும் என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

ஜூலை 11

ஸ்டூடியோவில் கூட்டம். அழகர் அனுப்பினார் என்று இந்த வாரம் பெண் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். எல்லாருக்கும் இரண்டு பக்கமும் மூக்குத்தி வேண்டுமாம். பிலிமத்தலாவைச் சம்பந்தத்துக்குப் பிறகு வடகரைக்குக் கிராக்கி கூடிவிட்டது. மஹய்யாவில் போன வருடம் ஒரு வடகரைக் குடும்பமும் இல்லை. இப்போது தென்கரைக்கு ஆள் தேட வேண்டும்.

முதலாளி என் முதுகில் தட்டிக் கொடுத்தார். கல்யாண மண்டபத்து வாசலில் வைக்கும் படப் பலகையை இனாமாகவே செய்து தருகிறாராம். யார் முகம் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 2

கல்யாணம் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை.

வாசல் பலகையில் ஆளுயரத்துக்கு வலத்தி. என்னோடு படித்த றோஸ் அதைப் பார்த்துவிட்டுத் தப்பான மண்டபம் என்று திரும்பி பஸ் நிற்குமிடம் வரைக்கும் போய்விட்டாளாம். ஒட்டுகிற மூக்குத்தி தாலி கட்டும் வரைக்கும் நின்றது, அதற்குப் பிறகு எங்கே விழுந்தது என்று தெரியாது. இராஜேஸ்வரியம்மா, இனி எனக்கு அத்தை, பையிலிருந்து இன்னொன்றை எடுத்து ஒட்டினார். டப்பியோடுதான் வந்திருக்கிறார்.

பிலிமத்தலாவை வீட்டு முன்னறையில், உள்ளே வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி, பித்தளைச் சட்டத்துக்குள் அதே படம். விடிந்தால் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

அக்டோபர் 22

தீபாவளி. வாடகைக்கு வான் பிடித்துக் கம்பளைக்குப் போனோம், அந்த நாத்தனார் வீட்டுக்கு. அத்தை அந்த வீட்டு வாசலில் என் மூக்கைச் சரிபார்த்த பிறகுதான் மணியை அடித்தார்.

சாப்பிடும்போது ராஜலிங்கம் ஏதோ காதில் சொல்ல, நான் சிரித்துவிட்டேன். மூக்குத்தி கழன்று தரையில் விழுந்து உருண்டது. நாத்தனாரம்மா "என்னா விழுந்துச்சு?" என்று குனிந்தார். அத்தை எட்டிக் காலால் மிதித்துக்கொண்டார். "என் மெட்டி" என்றார். விதவை மெட்டி போடுவாளா என்று அந்த வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் புறப்படும் வரைக்கும் அத்தை அந்தக் காலை எடுக்கவில்லை. கை கழுவப் போகும்போது கூடக் காலை இழுத்து இழுத்துத்தான் போனார்.

வரும் வழியில் திட்டு விழும் என்று காத்திருந்தேன்.  பேராதனையைத் தாண்டியதும் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ சிரிக்கிறப்பதான் கழருது. சிரிச்சா ஒனக்கு வாய் ஒரு பக்கமா போவுது."

"சிரிக்காம இருந்துக்கிறேன் அத்தை."

அத்தை வானின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் என் மூக்கைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கிறார். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

அக்டோபர் 24

காலையில் கண்ணாடிக்கு முன்னால் மூக்குத்தி டப்பி இல்லை, அத்தை எடுத்துவிட்டார். நான் கேட்கவில்லை. ஒற்றை மூக்குத்தியோடு பிளேன்டி ஊற்ற அடுப்படிக்குப் போனேன்.

டிசம்பர் 6

அத்தையோடு பெரிய சண்டை. ரசத்தில் உப்பு. அவர் சத்தம் போட்டார், நானும் போட்டேன், கடையில் இருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ராஜலிங்கம் தன் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நின்று ஒன்றும் செய்யத் தெரியாமல் ஒரு குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படத்துல பசு மாதிரி இருந்தா" என்று அத்தை கடைக்காரர்களிடம் முறையிட்டார். ராத்திரி அந்த ரசத்தையே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

2015 ஜனவரி 18, ஞாயிறு

கொழும்பிலிருந்து அத்தையின் பெரியப்பா மகள் பொங்கலுக்குப் பார்க்க வந்திருந்தார். கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவர். முன்னறையில் உட்கார்ந்ததும் படத்தைப் பார்த்துவிட்டார்.

"இதுதான் மருமகளா? என்னா லட்சணம்! எங்க ஆளக் காணோம்?"

நான் பிளேன்டித் தட்டோடு அவர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமலே கோப்பையை எடுத்தார். "வேலைக்குப் புள்ள வச்சிருக்கியா இராஜேஸ்வரி? நல்லதுதான், ஒன்னால இனி ஏலாது."

என் வாயில் பதில் தயாராக இருந்தது. அவங்க வெளிய போயிருக்காங்க, வந்ததும் சொல்றேன் என்று சொல்லியிருப்பேன். அதற்குள் அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு கதிரையிலிருந்து எழுந்து வந்தார். என் தோளில் கையைப் போட்டார்.

"இதான் என் மருமக."

அந்தம்மா என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். திரும்ப என் மூக்கையும் வாயையும் பார்த்தார். "படத்துல வேற மாதிரியில்ல இருக்கு?"

"படம் சரியா விழல்ல" என்றார் அத்தை.

என் வேலையை யார் குறை சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். முதலாளியைக் கூட நான் சும்மா விட்டதில்லை. இன்று தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.